கூண்டுக்கு வெளியே எடுக்கும் முடிவுகள்: எம்எம்ஏ வீரரின் மனப்பயிற்சிக்கு ஒரு வழிகாட்டி

தொழில்முறை எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) போட்டியில் ஒரு ரவுண்ட் 5 நிமிடம். சாதாரணப் போட்டிக்கு 3 ரவுண்ட், பட்டப் போட்டிக்கு 5 ரவுண்ட், இடையில் ஒரு நிமிட ஓய்வு. குத்து, உதை, முழங்கை, மல்யுத்தப் பிடி, கழுத்து நெரிப்பு, மூட்டுப் பூட்டு எல்லாம் அதற்குள் வந்துபோகும். நின்று யோசிக்க நேரமிருக்காது. ஆகவே பார்ப்பவர்கள் மன உறுதி என்று சொல்வதில் பெரும்பகுதி, முன்னாலேயே எடுத்துவைத்த முடிவுகள். கீழே விழுந்தால் முதல் வேலை என்ன, மூச்சு இரைத்தால் என்ன செய்வது, கடைசி ரவுண்டில் பின்தங்கியிருந்தால் எந்த ஆயுதத்தை எடுப்பது என்பதையெல்லாம் பயிற்சிக் கூடத்திலேயே தீர்மானித்து உடம்புக்குப் பழக்கியவர் போட்டி நடக்கும் வலைக் கூண்டில் அதிகம் பதறுவதில்லை. பழக்காதவருக்குப் பயமும் களைப்பும் சேர்ந்து தீர்மானிக்கும்.

அமெச்சூர் போட்டிகளில் ஓரளவு தேறி, தொழில்முறைக்கு மாற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். அமெச்சூரில் ரவுண்ட் பெரும்பாலும் 3 நிமிடம்தான். அதற்கு மேல் வரும் 2 நிமிடம் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 3 நிமிட வேகத்திலேயே ஆடிப் பழகியவர் நாலாவது நிமிடத்தில் கை கனத்து நிற்பதைப் புதியவர்களின் முதல் போட்டிகளில் அடிக்கடி பார்க்கலாம்.

நோட்டில் என்ன எழுதுவது

"ஜெயிக்க வேண்டும்" என்று எழுதிவைப்பதால் பயனில்லை. வெற்றி பாதி எதிராளியின் கையிலும் கொஞ்சம் ஜட்ஜுகளின் கையிலும் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு வேலைகள் போதும், இரண்டும் எண்ணிப் பார்க்கக்கூடியவையாக இருக்க வேண்டும். உதாரணமாக: "எதிராளி காலைப் பிடிக்க வரும்போது 10இல் 7 முறையாவது இடுப்பைப் பின்னால் எறிந்து தடுக்க வேண்டும்", "ஒவ்வொரு காம்பினேஷனையும் (தொடர் அடிகள்) முடித்த பிறகு நேர்கோட்டில் பின்வாங்காமல் பக்கவாட்டில் விலக வேண்டும்." வார இறுதியில் பயிற்சியாளரோடு வீடியோ பார்த்து எண்ணுங்கள்.

அதே நோட்டில் பயிற்சிச் சுமையையும் குறியுங்கள். முறை எளிது. பயிற்சி முடிந்த அரை மணி நேரத்தில் அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று 1 முதல் 10க்குள் ஒரு எண் போடுங்கள், நிமிடத்தால் பெருக்குங்கள். 60 நிமிடக் கிராப்ளிங்குக்கு (பிடிச் சண்டைப் பயிற்சி) 7 போட்டால் 420. வாரக் கூட்டுத்தொகை முந்தைய வாரங்களைவிடச் சட்டென்று மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்து, காலை எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பும் வழக்கத்தைவிட 7, 8 துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் நின்றால், அடுத்த நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அர்ப்பணிப்பு உள்ளவர்கள் தடுமாறும் இடம் இதுதான். சோம்பேறியைத் தள்ள வேண்டும், உழைப்பாளியைப் பிடித்து நிறுத்த வேண்டும். இரண்டாவது வேலை கடினமானது, ஏனென்றால் அவருக்கு ஓய்வு குற்றவுணர்வைத் தரும். நோட்டில் இருக்கும் எண் அந்த வாக்குவாதத்தைத் தீர்த்துவைக்கும்.

ஸ்பாரிங்கில் அடக்கம்

போட்டி முகாம் (ஒரு போட்டிக்காக நடக்கும் தீவிரப் பயிற்சிக் காலம்) பொதுவாக 8 முதல் 12 வாரம். முகாமுக்கு வெளியே புதியதைக் கற்றுக்கொள்ள வேண்டும், முகாமுக்குள் தெரிந்ததைத் தீட்ட வேண்டும். போட்டி கையெழுத்தான பிறகுதான் ஜிம் பக்கம் வருபவர் முதல் நான்கு வாரத்தை உடம்பை மீட்பதிலேயே செலவழித்துவிடுவார், மிச்சமிருக்கும் நாட்களில் எதைத் தீட்டுவது?

முழு வேகத்தில் அடித்துக்கொள்ளும் ஸ்பாரிங் (கூட்டாளியோடு பயிற்சிச் சண்டை) வாரத்துக்கு ஒரு நாள் போதும். நின்று ஆடும் ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கையுறை போடுங்கள். போட்டியில் போடுவது 4 அவுன்ஸ்தான், அந்த மெல்லிய கையுறையோடு பயிற்சியில் முகத்தில் அடிப்பது வேலைக்கு உதவாது. கடைசிக் கடும் ஸ்பாரிங்கைப் போட்டிக்கு 10 முதல் 14 நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பயிற்சி நேரத்தைப் பாதியளவுக்குக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கக் கூடாது.

ரவுண்ட் தொடங்கும் முன் கூட்டாளியோடு இரண்டு விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: எவ்வளவு பலத்தில் அடிக்கப் போகிறோம், இந்த ரவுண்டில் எதைப் பழகப் போகிறோம். பேசினாலும் சூடு ஏறும். காரணம், வாங்கும் அடி எப்போதும் கொடுக்கும் அடியைவிடப் பெரிதாகத் தெரியும். இருவருமே "அவன் அடித்த அளவுக்குத்தான் திருப்பி அடித்தேன்" என்று உண்மையாக நம்பிக்கொண்டே ஒவ்வொரு பரிமாற்றத்திலும் பலத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எனவே நிறுத்தும் அதிகாரம் வெளியே நிற்கும் பயிற்சியாளரிடம் இருக்க வேண்டும், அவர் ஒருமுறை சொன்னால் அடங்க வேண்டும். பெரிய எம்எம்ஏ நிறுவனமான யுஎஃப்சியின் சாம்பியனாக இருந்த மேக்ஸ் ஹாலோவே கடும் ஸ்பாரிங் இல்லாமலே போட்டிக்குத் தயாரானதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் அது பொருந்தாது. புதியவருக்கு அடி வரும்போது கண் மூடாமல் பார்க்கும் பழக்கமே இன்னும் வந்திருக்காது. ஆனால் தலையில் வாங்கும் அடிகள் சேமிப்பில் ஏறிக்கொண்டே போகும் என்பதை முதல் நாளிலிருந்தே கணக்கில் வைக்க வேண்டும்.

ஸ்பாரிங்குக்குப் பிறகு தலைவலி, தலைசுற்றல், வெளிச்சம் கூசுதல், சற்றுமுன் நடந்தது நினைவில் இல்லாமை, இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். திரும்பி வருவதும் படிப்படியாகத்தான்: முதலில் லேசான நடை, சைக்கிள், பிறகு ஷேடோ பாக்ஸிங் (தனியாகக் காற்றில் குத்துவது), பிறகு பேட் வேலை (பயிற்சியாளர் பிடிக்கும் பட்டையில் அடிப்பது), மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே ஸ்பாரிங். ஒவ்வொரு படியிலும் குறைந்தது 24 மணி நேரம், அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. இதை மறைத்து ஆடுவதைச் சிலர் வீரம் என்கிறார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை.

நெரிப்பிலோ மூட்டுப் பூட்டிலோ மாட்டினால் தட்டிவிடுங்கள், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளுங்கள். முழங்கால் திருகும் பூட்டுகளில் வலி தெரியும்போது தசைநார் ஏற்கெனவே கிழிந்திருக்கலாம். அங்கே வலிக்காகக் காத்திருக்கக் கூடாது, பிடி முழுமையானதுமே தட்ட வேண்டும்.

மோசமான இடத்திலிருந்து தொடங்குங்கள்

பதற்றத்தைக் குறைக்க எங்களுக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் பயிற்சி வேறில்லை. பெரும்பாலான ஜிம்களில் ரவுண்ட் சம நிலையில் தொடங்கும், நல்ல நிலையை நோக்கி இருவரும் போராடுவார்கள். திறமைசாலி மாதக் கணக்கில் கீழே மாட்டாமலே பயிற்சி செய்துவிடலாம். போட்டியில் முதல்முறை மாட்டும்போதுதான் தனக்கு அந்த இடம் அந்நியம் என்று அவருக்குத் தெரியவரும்.

வாரத்தில் இரண்டு நாள், 2 நிமிட ரவுண்டுகள் ஆறு செய்யுங்கள். மூன்று நிலைகள்: எதிராளி மார்பில் ஏறி உட்கார்ந்த மவுண்ட், முதுகில் ஏறி இரண்டு காலையும் கோத்த நிலை, கூண்டுச் சுவரில் அழுத்தப்பட்டு இடுப்பு பிடிபட்ட நிலை. ஒவ்வொன்றும் இரண்டு முறை. முதல் இரண்டு வாரம் தப்பிப்பது இலக்கே இல்லை. மூச்சை விடு, முழங்கையை விலாவோடு சேர், எதிராளியின் கையைப் பிடி, இந்த மூன்றும் அதே வரிசையில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். புதியவர் மவுண்டில் மாட்டியதும் இரண்டு கையாலும் எதிராளியின் மார்பைத் தள்ளுவார். கை நீண்டவுடன் ஆர்ம்பார் (முழங்கை மூட்டுப் பூட்டு) வந்துவிடும். பதற்றம் என்பது கூண்டில் இப்படித்தான் உருவெடுக்கிறது: நீண்ட கை, அடைத்த மூச்சு, மூடிய கண். வரிசை தானாக வரத் தொடங்கிய பிறகு தப்பிக்கும் நுட்பத்தைச் சேருங்கள். அதற்குப் பிறகு களைப்பைச் சேருங்கள்: 3 நிமிடம் பேட் அடித்து மூச்சிரைக்கும்போது நேராகக் கீழ் மவுண்டில் படுத்துத் தொடங்குங்கள்.

முகாமின் நடு வாரங்களில் நிமிடத்துக்கு ஒரு புதிய ஆள் உள்ளே வரும் 5 நிமிட ரவுண்டுகளும் உண்டு. இதை வாரம் ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். நுட்பம் சிதைந்த நிலையில் அரை மணி நேரம் திண்டாடினால் சிதைந்த நுட்பம்தான் பழக்கமாகும்.

மூச்சும் மூன்று சொற்களும்

முதல் ரவுண்டிலேயே சக்தி தீர்ந்துபோவதற்கு உடல்தகுதிக் குறைவு மட்டும் காரணமாக இருப்பதில்லை. நன்றாக ஓடக்கூடியவரும் தீர்ந்துபோவார். அட்ரினலின் ஏறியதும் தோள் இறுகும், பல்லைக் கடித்து மூச்சை அடைத்துக்கொண்டே அடிப்பார், ஒவ்வொரு குத்திலும் முழு பலத்தையும் போடுவார். இரண்டு நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். மருந்து எளிது, பழக்கத்துக்கு வர மாதங்கள் ஆகும்: ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிறு வெளிமூச்சு, நெருக்கமில்லாத ஒவ்வொரு நொடியிலும் தோளை இறக்குதல். ரவுண்டுக்கு இடையிலான நிமிடத்தில் மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, வாயால் 6 முதல் 8 எண்ணும் வரை விடுங்கள். வெளிமூச்சு நீளமாக இருந்தால் இதயத்துடிப்பு சீக்கிரம் இறங்கும். அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்பு இறங்குகிறது என்று வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள். முகாம் நகர நகர அது கூட வேண்டும்.

தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொற்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். செய்ய வேண்டியதைச் சொல்லும் கட்டளையாக இருக்கட்டும்: "கை மேலே", "மூச்சு விடு", "நகரு". "கையை இறக்காதே" போன்றவை வேலைக்கு ஆகாது, நெருக்கடியில் மனம் 'இறக்கு' என்பதைத்தான் பிடித்துக்கொள்ளும். இதே மூன்று சொற்களைத்தான் கார்னரில் (ரவுண்டுக்கு இடையில் வீரருக்கு ஆலோசனை சொல்லும் குழுவில்) நிற்பவரும் கத்த வேண்டும், பயிற்சியின்போது கூட்டாளிகளும் சொல்ல வேண்டும். போட்டியன்று புதிய சொல் எதுவும் காதில் ஏறாது.

மனக்காட்சிப் பயிற்சிக்கு வாரத்தில் நான்கைந்து நாள், தினம் 10 நிமிடம் போதும். வெளியிலிருந்து படம் பார்ப்பதுபோல் பார்க்காதீர்கள், உங்கள் கண்ணிலிருந்து பாருங்கள். நிஜ வேகத்தில் ஓடட்டும். வாயில் மவுத் கார்டு, காலடியில் கான்வாஸ், கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் இருக்கட்டும். கை உயர்த்தப்படும் காட்சியை மட்டும் தினமும் பார்ப்பது இன்பமானது, பயிற்சியாகாது. அடி வாங்கி முழங்கால் மடிவது, புருவம் கிழிந்து ஒரு கண்ணில் ரத்தம் இறங்குவது, முதல் ரவுண்டைத் தோற்பது என மோசமான காட்சிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் உங்கள் பதில் அசைவோடு முடியுங்கள்.

பின்தங்கியிருக்கும்போது

ஒரு ரவுண்டுக்கு வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. மூன்று ரவுண்ட் போட்டியில் முதல் இரண்டையும் இழந்திருந்தால் 18க்கு 20. கடைசி ரவுண்டைச் சாதாரணமாக வென்றாலும் போட்டி போய்விட்டது, எதிராளியை முடித்தாக வேண்டும். இதைக் கார்னர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், வீரரும் அதற்கு ஏற்ற ஒரு திட்டத்தைப் பயிற்சியிலேயே வைத்திருக்க வேண்டும்.

2010 ஆகஸ்டில் யுஎஃப்சி பட்டப் போட்டியில் சேல் சோனனுக்கு எதிராக ஆண்டர்சன் சில்வா நான்கு ரவுண்ட் கீழே கிடந்து அடி வாங்கினார். ஐந்தாவது ரவுண்டின் 3:10இல், கீழே கிடந்தபடியே காலால் முக்கோணப் பூட்டுப் போட்டு முடித்தார். 2022 ஆகஸ்டில் கமாரு உஸ்மானிடம் புள்ளிகளில் பின்தங்கியிருந்த லியோன் எட்வர்ட்ஸ், போட்டி முடிய ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில், இடது கையைக் காட்டி அதே பக்கத்து உதையைத் தலையில் இறக்கிப் பட்டத்தை எடுத்தார். இந்த இரண்டையும் அதிசயம் என்று கடந்துவிட வேண்டாம். இரண்டிலும் கடைசியில் வந்தது குருட்டுத்தனமான வீச்சு கிடையாது, அவரவர் பல ஆண்டு பழகிய நுட்பம். எனவே உங்களுக்கான 'கடைசி ரவுண்ட் ஆயுதம்' இரண்டைத் தேர்ந்தெடுங்கள், ஒன்று நின்றபடி, ஒன்று தரையில். வாரத்தில் ஒரு நாள் பயிற்சியின் முடிவில், மிகவும் களைத்திருக்கும்போது, "2 நிமிடம் இருக்கிறது, முடித்தாக வேண்டும்" என்று சொல்லி அதை மட்டும் ஆடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. கில்லட்டின் நெரிப்பு கிடைத்ததும் முடித்துவிடலாம் என்ற ஆசையில் முழு பலத்தோடு அரை நிமிடம் இறுக்கிப் பிடித்து, எதிராளி தலையை உருவியதும் மிச்ச ரவுண்டுக்குக் கையில் வலுவில்லாமல் நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு. 8 அல்லது 10 எண்ணுவதற்குள் தட்டவில்லை என்றால் நிலையை மாற்று என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கார்னர் நிமிடத்தையும் நிஜக் கடிகாரத்தோடு ஒத்திகை பாருங்கள். முதல் 15 நொடி யாரும் பேசக் கூடாது, மூச்சு மட்டும். பிறகு ஒருவர் குரல் மட்டும், இரண்டு கட்டளைக்கு மேல் கூடாது. வீரர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் அவர் கேட்கவில்லை, அல்லது தலையில் பட்ட அடி தோன்றுவதைவிடப் பெரியது.

எடை

அர்ப்பணிப்பு முட்டாள்தனமாக மாறுவது பெரும்பாலும் எடை குறைப்பில்தான். லைட்வெயிட் எடைப்பிரிவின் வரம்பு 155 பவுண்டு, அதாவது 70.3 கிலோ. 78 கிலோ இருப்பவர் வாரத்துக்கு அரை கிலோ வீதம் 8 வாரம் இறக்கினால் 74க்கு வருவார். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 விழுக்காடு வரை இறக்குவது தசையைக் காப்பாற்றும், கூடவே கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம் புரதம் தினமும் வேண்டும். மிச்சம் இருப்பது 3.7 கிலோ, ஏறக்குறைய 5 விழுக்காடு. கடைசி வாரத்தில் உப்பு, நார்ச்சத்து, மாவுச்சத்து, நீர் ஆகியவற்றை மாற்றி எடுக்கக்கூடியதன் எல்லை அதுதான், அதையும் விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டும். அதைவிட அதிகம் எடுக்க வேண்டியிருந்தால் முகாம் தாமதமாகத் தொடங்கியிருக்கிறது, அல்லது எடைப்பிரிவு தவறு.

2015 டிசம்பரில், 'ஒன் சாம்பியன்ஷிப்' என்ற எம்எம்ஏ நிறுவனத்தின் போட்டிக்காக எடை குறைத்த யாங் ஜியான் பிங் 21 வயதில் இறந்தார். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் நீர்ச்சத்துப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. தனியாக நீராவி அறையில் உட்காராதீர்கள். சிறுநீர் பெருக்கும் மாத்திரை உயிருக்கு ஆபத்து, ஊக்கமருந்து விதிகளிலும் தடைசெய்யப்பட்டது. எடை பார்த்த பிறகு இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர் வரை, சோடியம் கலந்து, சிறிது சிறிதாக அடுத்த நாள் வரை குடியுங்கள். வெறும் தண்ணீரை மொத்தமாகக் குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகப் போகும், ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும். நரம்பு வழியாக 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் ஏற்றுவது, மருத்துவமனைச் சிகிச்சை போன்ற விலக்குகள் தவிர, உலக ஊக்கமருந்து தடுப்பு விதிகளின்படி குற்றம்.

எடை குறைக்கும் வாரத்தில் எரிச்சலும் அவநம்பிக்கையும் வரும். அது பசியும் தாகமும் பேசும் பேச்சு. அந்த வாரத்தில் ஆட்டத் திட்டத்தை மாற்றுவதில்லை என்று முன்கூட்டியே பயிற்சியாளரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

கவனத்துக்கு வராத வேலைகள்

தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். இரண்டு வேளைப் பயிற்சி இருக்கும் நாளில் மதியம் 20, 30 நிமிடம். பயிற்சி முடிந்ததும் உடனே குளியல், துவைத்த உடை, வெட்டிய நகம். படர்தாமரையோ சிவந்து சூடாக வீங்கும் கொப்புளமோ தெரிந்தால் மருத்துவர் சொல்லும் வரை பயிற்சி மெத்தையில் ஏறக் கூடாது. ஒருவருடைய அலட்சியம் ஜிம்மில் பாதிப் பேரை இரண்டு வாரம் வெளியே உட்காரவைக்கும். ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, தேவைப்பட்டால் மூளை ஸ்கேன் ஆகியவற்றைப் போட்டிக்குப் பல வாரம் முன்பே முடித்துவிடுங்கள். தாள் ஒன்று குறைந்து போட்டி ரத்தானால் முகாம் முழுக்க வீண்.

போட்டி நாளும் அதற்குப் பிறகும்

கடைசிப் பெரிய உணவு 3, 4 மணி நேரம் முன்பு. வார்ம் அப்பை இரண்டாகப் பிரியுங்கள். உங்களுக்கு முன் நடக்கும் போட்டி 20 நொடியில் முடியலாம், முழு நேரமும் போகலாம். முதலில் வியர்க்கும் அளவுக்கு ஒரு சுற்று, பிறகு உடம்பு ஆறாமல் உடை போர்த்திக் காத்திருந்து, அழைப்பு நெருங்கும்போது ஒரு குட்டிச் சுற்று. கை நடுங்கும், வாய் உலரும், அடிக்கடி சிறுநீர் வரும். பட்டம் வென்றவர்களுக்கும் இது வரும், போக்க முயல வேண்டாம். கவனத்தை முதல் நிமிடத்தின் மூன்று வேலைகளுக்குக் கொண்டுபோங்கள்: கூண்டின் நடுவைப் பிடி, இரண்டு ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேர்க்குத்து), ஒரு கால் உதை. அதற்கு மேல் அப்போது எதுவும் யோசிக்கத் தேவையில்லை.

தோற்றால் முதல் வேலை மருத்துவ ஓய்வு. தலையில் அடிபட்டு முடிந்த போட்டிக்குப் பிறகு விதிக்கப்படும் தடை நாட்களில் லேசான ஸ்பாரிங்கும் கிடையாது. வீடியோவைச் சில நாள் தள்ளிப்போடுங்கள், பிறகு பயிற்சியாளரோடு சேர்ந்து பாருங்கள். தவறு நுட்பத்திலா, உடல்தகுதியிலா, முடிவெடுத்ததிலா என்று பிரித்து எழுதுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. 2007 ஏப்ரலில் மேட் செராவிடம் முதல் ரவுண்டிலேயே யுஎஃப்சி பட்டத்தை இழந்த ஜார்ஜஸ் செயின்ட் பியர், விளையாட்டு உளவியலாளரின் உதவியை நாடியதைப் பின்னர் மறைக்கவில்லை. 2008 ஏப்ரலில் அதே எதிராளியை இரண்டாவது ரவுண்டில் முடித்தார், ஓய்வு பெறும் வரை மறுபடி தோற்கவே இல்லை. உறக்கம் கெட்டு, வாரக் கணக்கில் மனம் எழும்பவில்லை என்றால் நீங்களும் உதவி கேளுங்கள்.

வென்ற போட்டியின் வீடியோவையும் இதே மூன்று கேள்விகளோடு பாருங்கள். எதிராளி தண்டிக்காமல் விட்ட தவறுகள் அதில்தான் இருக்கும்: இறங்கிய கை, நேர்கோட்டில் பின்வாங்கிய கால், அடைத்துப்பிடித்த மூச்சு. அவற்றில் இரண்டை எடுத்து அடுத்த வாரத்து நோட்டில் எழுதுங்கள்.